சொட்டுச் சொட்டாய் ஒரு சரித்திரம்



சிலிம் ரிவரிலிருந்து பழைய பெருஞ்சாலை வழியே ஈப்போவுக்குப் போகிறவர்கள் சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார் ஆகிய ஊர்களைக் கடந்ததும், வெளுத்த பாறை முகங்களோடு நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைக் காண்பார்கள். கோப்பெங்கை நெருங்கும்போது குவா தெம்புரோங் என்னும் பெரிய குகை இருக்கிறது. தெம்புரோங் என்றால் மலாயில் தேங்காய்ச் சிரட்டை. கவிழ்த்த சிரட்டை போன்ற கூரைகள் அதனுள்ளே உண்டு. முன்னாளில் வெள்ளீயம் தேடியவர்களும் அதனுள் வேலை செய்திருக்கிறார்கள்.

அந்தக் கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப்போல் கல் தொங்குகிறது. தரையிலிருந்தும் கல் முளைத்து நிற்கிறது. தொங்குவதை ஸ்டாலக்டைட் என்றும், முளைத்து நிற்பதை ஸ்டாலக்மைட் என்றும் சொல்வார்கள். கல் எப்படி வளரும்?

மழைநீர் மண்ணில் இறங்கும்போது, அங்குள்ள வேர்களும் மக்கும் இலைகளும் வெளியிடும் கரியமிலவாயு அதில் கரைகிறது. நீர் இலேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் கசிந்து, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு குகைக் கூரைக்கு வந்து சேர்கிறது. பால்மரத்தில் பால் சொட்டுவதுபோல் அங்கே ஒரு துளி தொங்குகிறது. அந்நேரம் துளியிலுள்ள வாயு குகைக் காற்றில் கலந்துவிடுகிறது. வாயு போனதும் நீரால் சுண்ணாம்பைத் தாங்க முடியாது. துளியின் விளிம்பில் மெல்லிய வளையமாக அது படிகிறது. வளையத்தின்மேல் வளையம் சேர்ந்து, முதலில் உள்ளே துளையுள்ள குழல் உண்டாகிறது. பின்பு அது விழுதாகத் தடிக்கிறது. விழும் துளிகள் தரையில் மிச்சத்தைப் படியவிட, கீழேயும் கல் வளர்கிறது. இரண்டும் சேர்ந்தால் தூணாகிவிடும்.

இதன் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கணக்கிடலாம். 1942 ஜனவரி 7-ஆம் நாள், நம் சிலிம் ரிவர் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையை உடைத்துக்கொண்டு போயின. அன்று முதல் இன்றுவரை அந்தக் கல் வளர்ந்தது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை! 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்டார்கள். அன்றிலிருந்து வளர்ந்தது கட்டைவிரல் அகலத்துக்குள்தான்.

இந்தக் கல்லில் மரத்தின் வளையம்போல் அடுக்குகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை அதிகமா, குறைவா என்று அறிவியலார் கண்டுசொல்கிறார்கள். ஏட்டில் எழுதப்படாத சரித்திரம் அது.

கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் பல, சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் வெட்டப்பட்டு வந்திருக்கின்றன. அந்த வேலை பலருக்குச் சோறு போட்டதை மறுக்க முடியாது. ஆனால் வெட்டிய குன்று திரும்ப வளராது. 2018-இல் இப்பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குவா தெம்புரோங்கும் அதில் அடங்கும்.

நம் பங்கும் உண்டு. கை பட்டால் போதும், தோலின் எண்ணெய் ஒட்டி, அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. பிள்ளைகள் வீட்டு அலமாரிக்கென்று பத்து சென்டிமீட்டர்த் துண்டை ஒடித்தால் எவ்வளவு நஷ்டம்? தஞ்சையில் இராசராசன் பெரிய கோயிலை முடித்தது 1010-இல். ஏறக்குறைய அன்று தொடங்கிய வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். கண்ணால் பார்க்கட்டும், கையால் தொட வேண்டாம்.