பல கருவிகளில் ஒரே மின்னஞ்சல்: பாப்3, ஐமேப் இரண்டில் எது ஏற்றது?

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு என ஒரே மின்னஞ்சலைப் பல கருவிகளில் திறப்போர், கணக்கை இணைக்கும்போது 'பாப்3', 'ஐமேப்' ஆகிய நெறிமுறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. இதில் நேரும் பிழை, அஞ்சல்களையே இழக்கச் செய்யக்கூடும்.

அஞ்சல்களைக் கணினியில் இறக்கியபின் சர்வரிலிருந்து நீக்குவது பாப்3-இன் அடிப்படை முறை. சர்வரில் நகலை விட்டுவைக்கும் தெரிவைக் குறிக்கத் தவறினால், அக்கடிதங்கள் கைப்பேசியில் தென்படா. கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானால் எங்குமே மிஞ்சா.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1986-இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப், அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்து, படித்தவை, படிக்காதவை, கோப்புறைகள் அனைத்தையும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல் காட்டுகிறது. இயங்குதளம் எதுவாயினும் பெரும்பாலோருக்கு இதுவே பொருத்தம். எனினும், ஓரிடத்தில் நீக்கிய கடிதம் எல்லா இடத்திலும் நீங்கிவிடும் என்பதால், இதனைக் காப்பு நகலாகக் கருதலாகாது.

அஞ்சல் அனுப்ப இவ்விரண்டும் உதவா. எஸ்எம்டிபி தனியே அமைக்கப்பட வேண்டும். மறையாக்கத்துடன் கூடிய இணைப்பில் ஐமேப்புக்கு 993, பாப்3-க்கு 995, எஸ்எம்டிபிக்கு 465 அல்லது 587 ஆகிய போர்ட் எண்கள் வழக்கில் உள்ளன.

பாப்3-இலிருந்து ஐமேப்புக்கு மாறுவோர், பழைய கணக்கை நீக்குமுன் கணினியிலுள்ள கடிதங்களைப் புதிய கணக்கின் கோப்புறைக்கு நகலெடுத்துவிடுவது அவசியம்.