தராவீஹ் தொழுகை

தராவீஹ் என்பது ரமலான் மாதத்து இரவுகளில் இஷாத் தொழுகைக்குப் பின் முஸ்லிம்கள் நிறைவேற்றும் சுன்னத்தான தொழுகையாகும். ரக்அத்து எனப்படும் தொழுகைச் சுற்றுகளை இரண்டிரண்டாகத் தொழுது, நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை அமர்ந்து இளைப்பாறுவதால் இப்பெயர் ஏற்பட்டது. ரமலான் பிறை தென்பட்ட இரவில் தொடங்கி, ஷவ்வால் பிறை காணும் வரை தொடரும். குர்ஆனை மனனம் செய்த ஹாபிஸ் ஒருவர் இமாமாக நின்று, இரவுக்கு ஒரு பகுதியாக முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பது இதன் தனிச்சிறப்பு. நபிமார் காட்டிய நேர்வழியைக் கேட்டல், இறைவனுக்கு நன்றி செலுத்துதல், ஒரே சமுதாயமாக அணிவகுத்தல் என்ற மூன்றும் ஒரே வழிபாட்டில் கூடிவருவதால், ரமலானின் உட்பொருளை முழுமையாக உணர்த்தும் அமல் இதுவே.

மறை அடிப்படை

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) மதீனாவில் கடமையாக்கப்பட்டது. அதற்குரிய வசனங்கள் 'அல்பகரா' அத்தியாயத்தில் 183 முதல் 187 வரை அமைந்துள்ளன. முன்சென்ற சமுதாயத்தாருக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்ததை 183ஆம் வசனம் நினைவூட்டி, இறையச்சத்தை நோன்பின் பயனாகச் சொல்கிறது. 185ஆம் வசனம், மனிதகுலத்துக்கு நேர்வழியாகக் குர்ஆன் இறங்கிய மாதம் ரமலான் என அறிவிக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தருகிறது. நேர்வழி காட்டிய இறைவனைப் பெருமைப்படுத்தி நன்றி செலுத்துமாறு கூறி முடிகிறது. இறையச்சத்தில் தொடங்கும் நோன்புச் சட்டம் நன்றியை நோக்கி நகர்வதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இரவுத் தொழுகை குறித்து இவ்வசனங்களில் நேரடிக் கட்டளை இல்லை. ரமலான் இரவுகளில் நம்பிக்கையோடும் நற்கூலியை எதிர்பார்த்தும் நின்று வணங்குவோரின் முந்திய பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற நபிமொழியே அதற்கு ஆதாரம்.

நபிகளார் காலம்

ஒவ்வொரு ரமலானிலும் வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து, அதுவரை அருளப்பட்ட குர்ஆனை நபிகள் நாயகத்தோடு (ஸல்) ஓதிச் சரிபார்ப்பார். பெருமானாரின் இறுதி ஆண்டில் மட்டும் இது இருமுறை நடந்தது. ரமலானில் குர்ஆனை முழுமையாக ஓதி முடிக்கும் வழக்கத்துக்கு இதுவே வேர்.

பெருமானார் ஒரு ரமலானில் இரவில் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதார்கள். கண்டவர்கள் பின்னால் நின்று தொழுதனர். செய்தி பரவி, அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் பெருகியது. பள்ளிவாசல் கொள்ளாத அளவுக்கு மக்கள் திரண்ட இரவில் நபிகளார் வெளியே வரவில்லை. மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின், மக்கள் காத்திருந்ததைத் தாம் அறிந்திருந்ததாகவும், இது கடமையாக்கப்பட்டு அவர்களுக்குச் சுமையாகிவிடுமோ என்று அஞ்சியே வராதிருந்ததாகவும் விளக்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. தம் சமுதாயத்தின் பலவீனத்தை எண்ணிப் பார்த்த தலைவரின் பரிவு இதில் தெரிகிறது.

உமர் (ரலி) செய்த ஏற்பாடு

முதல் கலீபா அபூபக்ர் (ரலி) ஆட்சியிலும் (632-634) நிலை மாறவில்லை. தனித்தும் சிறு குழுக்களாகவும் மக்கள் தொழுதுவந்தனர். இரண்டாம் கலீபா உமரின் (ரலி) ஆட்சித் தொடக்கத்தில், ஹிஜ்ரி 14இல் (கி.பி. 635), மாற்றம் நிகழ்ந்தது. ரமலானின் ஓரிரவில் உமர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அப்து அல்காரீ என்பவருடன் பள்ளிவாசலுக்கு வந்தார். ஒருவர் தனியே தொழுதுகொண்டிருந்தார்; வேறொருவர் பின்னால் சிறு கூட்டம் நின்றது; பள்ளியின் பல மூலைகளில் பல ஓதல்கள் ஒலித்தன. இவர்களை ஒரே ஓதுநருக்குப் பின்னால் சேர்த்தால் நலம் என்று கருதிய கலீபா, உபை இப்னு கஅபை (ரலி) இமாமாக நியமித்தார். மற்றோர் இரவில் அனைவரும் ஒரே அணியாய் நிற்கக் கண்டு, இது நல்லதொரு புதுமை என மகிழ்ந்தார். இரவின் பிற்பகுதியில் எழுந்து தொழுவது இதனினும் மேலானது என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் புதுமை என்றது வெளித்தோற்றத்தையே. உண்மையில் அது நபிகளார் தொடங்கி, சமுதாயத்தின் மீது கொண்ட பரிவால் நிறுத்தி வைத்ததன் மீட்சியாகும்.

உபை இப்னு கஅப் (ரலி) மதீனாவின் கஸ்ரஜ் குலத்தவர். வஹீயை எழுதியோரில் ஒருவர். நபித்தோழரிடையே ஓதுநர்களின் தலைவராக மதிக்கப்பட்டவர். 'அல்பய்யினா' அத்தியாயத்தை உபைக்கு ஓதிக்காட்டுமாறு இறைவன் தமக்குக் கட்டளையிட்டதாக நபிகளார் கூறியபோது, தம் பெயரை இறைவன் குறிப்பிட்டானா என்று கேட்டு அவர் அழுதார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவரோடு தமீமுத் தாரீயும் (ரலி) தொழுவித்தார். பெண்களுக்கு இமாமாகச் சுலைமான் இப்னு அபீ ஹஸ்மா அமர்த்தப்பட்டார். இந்த ஏற்பாடு மற்ற மாகாணங்களுக்கும் எழுதி அறிவிக்கப்பட்டது.

அக்காலத் தொழுகையின் நீளத்தை இமாம் மாலிக் (இறப்பு 795) தம் 'முவத்தா' நூலில் பதிவு செய்துள்ளார். இமாம் நூற்றுக்கணக்கான வசனங்களை ஓதுவார். நெடுநேரம் நின்று கால் ஓய்ந்தவர்கள் கைத்தடியில் சாய்ந்து நிற்பார்கள். வைகறை நெருங்கும்போதே கலைவார்கள். வீட்டுக்கு வந்ததும், விடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பணியாளரைச் சஹர் உணவுக்கு விரைவுபடுத்துவார்கள். எட்டு ரக்அத்தில் அல்பகரா அத்தியாயம் முழுவதும் ஓதப்படும். அதையே பன்னிரண்டு ரக்அத்தில் பரப்பி ஓதினால், இன்று இமாம் இலேசாக்கிவிட்டார் என மக்கள் எண்ணுவார்கள்.

பிற்காலத்தில் அலீ (ரலி) ரமலான் இரவில் விளக்கொளியில் திகழ்ந்த பள்ளிவாசல்களைக் கண்டு, அவற்றை ஒளிபெறச் செய்த உமரின் மண்ணறையை இறைவன் ஒளிமயமாக்குவானாக என்று வேண்டியதாகக் கூறப்படுகிறது. எனினும் அலீயைப் (ரலி) பின்பற்றும் ஷியாக்கள் ரமலான் இரவுத் தொழுகையைத் தனித்தே தொழுவர்.

ரக்அத் எண்ணிக்கை

பெரும்பான்மை வழக்கில் தராவீஹ் இருபது ரக்அத்துகள் கொண்டது. ஹனபி, ஷாபி, ஹன்பலி மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) இதில் ஒன்றுபடுகின்றன. உமரின் (ரலி) காலத்தில் இறுதியில் தொழும் வித்ரு என்ற ஒற்றைப்படைத் தொழுகையையும் சேர்த்து 23 ரக்அத்துகள் தொழப்பட்டதாக 'முவத்தா' கூறுகிறது. அதே நூலில் 11 என்ற அறிவிப்பும் உண்டு. அது தொடக்கநிலையைக் குறிப்பதாகவும் பின்னர் இருபதே நிலைபெற்றதாகவும் அறிஞர்கள் இணைத்து விளக்கியுள்ளனர். நபிகளார் ரமலானிலும் பிற மாதங்களிலும் பதினொன்றுக்கு மேல் தொழுததில்லை என்ற ஆயிஷா (ரலி) அறிவிப்பைத் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகை பற்றியதாக இவர்கள் கொள்கின்றனர்.

மதீனாவாசிகள் 36 ரக்அத் தொழுதுவந்ததற்குச் சுவையான காரணம் சொல்லப்படுகிறது. மக்காவில் நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை இளைப்பாறும் நேரத்தில் மக்கள் கஅபாவைச் சுற்றி வந்தனர். அப்பேறு வாய்க்காத மதீனாவாசிகள், அந்த நான்கு இடைவேளைகளிலும் நந்நான்கு ரக்அத்துகளைக் கூடுதலாகத் தொழுது, இருபதோடு பதினாறைச் சேர்த்துக்கொண்டனர்.

குர்ஆன் பகுப்பு

தராவீஹில் ஓதுவதற்கு வசதியாகக் குர்ஆனைப் பகுக்கும் முறைகள் உருவாயின. முப்பது ஜுஸ்உகளாகப் பிரிப்பது எங்கும் வழங்குவது; இரவுக்கு ஒரு ஜுஸ்உ ஓதினால் மாதத்தில் நிறைவுறும். ருகூஉப் பகுப்பு கீழைத்தேயங்களுக்கு உரியது. புகாரா நகர அறிஞர்கள் குர்ஆனை 540 பகுதிகளாகப் பிரித்ததாக 11ஆம் நூற்றாண்டு ஹனபிச் சட்ட அறிஞர் சரக்ஸீ குறிப்பிடுகிறார். ரக்அத்துக்கு ஒரு பகுதியென நாளைக்கு இருபது பகுதிகள் ஓதினால், லைலத்துல் கத்ர் என எதிர்பார்க்கப்படும் 27ஆம் இரவில் 540 பகுதிகளும் முடிந்துவிடும். வசன எண்ணிக்கையைப் பாராமல் பொருள் முடியும் இடம் பார்த்துப் பிரித்திருப்பதால், ஒரு நபியின் வரலாற்றுக் காட்சி முடிகிற இடத்தில் இமாம் ருகூஉவுக்குக் குனிய முடிகிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் அச்சாகும் குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் காணப்படும் 'ஐன்' என்ற அரபி எழுத்து இந்த ருகூஉ எல்லையைக் காட்டுவதே. இன்றைய பிரதிகளில் எண்ணிக்கை 540ஐவிடச் சற்றுக் கூடுதல்.

ஹாபிஸ் கிடைக்காத ஊர்களில் 105ஆம் அத்தியாயமான 'அல்ஃபீல்' முதல் 114ஆம் அத்தியாயமான 'அந்நாஸ்' வரையுள்ள பத்துச் சிறு அத்தியாயங்களை இருமுறை ஓதி இருபது ரக்அத்துகளை நிறைவு செய்வர்.

நபிமாரின் நேர்வழி

மாதம் முழுவதும் அணியில் நிற்பவர் நபிமாரின் வாழ்வைத் தொடர்ந்து கேட்கிறார். முதல் ஜுஸ்உவில் ஆதமின் படைப்பும், இப்ராஹீமும் இஸ்மாயீலும் கஅபாவின் அடித்தளத்தை உயர்த்துவதும் வருகின்றன. மூன்றாவதில் மர்யமும் ஈசாவும், பன்னிரண்டில் ஹூத் அத்தியாயத்தின் நபிமாரும், பன்னிரண்டு, பதின்மூன்றில் யூசுபும் வருகின்றனர். ஏழாம் ஜுஸ்உவில், 'அல்அன்ஆம்' 83 முதல் 86 வரையுள்ள நான்கு வசனங்களில் பதினெட்டு நபிமாரின் பெயர்கள் அடுத்தடுத்து ஓதப்படுகின்றன. தொடர்ந்து 90ஆம் வசனம், இறைவன் நேர்வழியில் செலுத்திய அவர்களின் வழியையே பின்பற்றுமாறு நபிகளாருக்குப் பணிக்கிறது. முன்னோரான நபிமார் அனைவரையும் ஏற்பது ஈமானின் பகுதி என்பதால், இவ்வரலாறுகளைப் பழங்கதையாகக் கொள்ளாமல் தம் வழிகாட்டுதலாகவே முஸ்லிம்கள் செவிமடுக்கின்றனர்.

நன்றியுணர்வு

நபிமாரின் சிறப்பைச் சொல்லும்போது குர்ஆன் அவர்களின் நன்றியுணர்வை முன்வைக்கிறது. நூஹ் நன்றியுள்ள அடியாராகப் புகழப்படுகிறார் (17:3). இப்ராஹீம் இறைவனின் அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தியவர் (16:121). எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்த சுலைமான், தமக்கும் தம் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்த வாய்ப்பளிக்குமாறு வேண்டுகிறார் (27:19). தாவூதின் குடும்பத்தாரை நன்றியாகச் செயல்படுமாறு பணிக்கும் வசனம் (34:13), நன்றியுள்ளோர் சிலரே என முடிகிறது. அதை அடுத்தே, தோட்டங்கள் நிறைந்த ஸபா நாடு நன்றி மறந்து வெள்ளத்தில் அழிந்த வரலாறு வருகிறது. நன்றி செலுத்தினால் அருள் பெருகும் என்ற வாக்குறுதி 14:7இல் உள்ளது. நன்றி என்பது நாவோடு நில்லாமல் செயலாக வேண்டும் என்பதற்கு நபிகளாரே சான்று. கால்கள் வீங்கும்வரை நின்று தொழுத பெருமானாரிடம், பாவங்கள் மன்னிக்கப்பட்ட பின்னும் ஏன் இந்தச் சிரமம் என்று கேட்கப்பட்டபோது, தாம் நன்றியுள்ள அடியாராக இருக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்கள்.

தராவீஹில் இதன் வெளிப்பாடு ஒன்று உண்டு. ஹனபிகளும் ஷாபிகளும் குர்ஆனில் பதினான்கு இடங்களில் சஜ்தா (நெற்றி தரையில் படப் பணிதல்) செய்வர். ஆனால் தாவூத் நபி மனம் வருந்திப் பணிந்ததைக் கூறும் 'ஸாத்' அத்தியாய வசனத்தில் வேறுபடுகின்றனர். ஹனபி இமாம் அங்கே சஜ்தாவில் விழுவார். ஷாபி மத்ஹபில் அது நன்றிக்குரிய சஜ்தா. தொழுகைக்கு வெளியேதான் செய்ய வேண்டும் என்பதால் இமாம் ஓதிச் செல்வார். பதினான்கை நிறைவு செய்ய ஷாபிகள் 'அல்ஹஜ்' அத்தியாயத்தில் இரண்டு சஜ்தா செய்வர்.

சமுதாயம்

பதினேழாம் ஜுஸ்உவின் 'அல்அன்பியா' அத்தியாயம் அய்யூப், யூனுஸ், ஸகரிய்யா முதலிய நபிமாரின் துன்பத்தையும் வேண்டுதலையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, இது உங்கள் சமுதாயம், ஒரே சமுதாயம் என்ற கருத்தை 92ஆம் வசனத்தில் நிலைநாட்டுகிறது. செல்வரும் கூலித் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் தராவீஹ் அணி இதற்குச் செயல்வடிவம் தருகிறது. உணவின் மீது விருப்பம் இருந்தும் ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டோருக்கும் அளித்து, பிரதியுபகாரமோ நன்றியோ எதிர்பாராத நல்லோரை 76:8-9 வசனங்கள் போற்றுகின்றன. இஃப்தார் விருந்தும் பெருநாள் தொழுகைக்கு முன் வழங்கப்படும் பித்ரா என்ற தர்மமும் இக்கருத்தைச் செயல்படுத்துபவை.

தமிழ் முஸ்லிம்களிடையே

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாபிகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனபிகளும் மிகுதி. வித்ரு மூன்று ரக்அத்தையும் ஹனபிகள் ஒரே ஸலாமில் முடிப்பர். ஷாபிகள் இரண்டும் ஒன்றுமாகப் பிரித்துத் தொழுவதுண்டு. ரமலானின் பிற்பாதியில் ஷாபிகள் வித்ரில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவர். பல ஊர்களில் நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை ஸலவாத்தும் திக்ரும் உரத்து ஓதப்படும். 27ஆம் இரவில் குர்ஆன் ஓதல் நிறைவு (கத்தம்) செய்யப்பட்டு, ஹாபிஸுக்குச் சால்வை அணிவித்து அன்பளிப்பு வழங்குவர்.

பகலில் இதே ஜமாஅத் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்துப் பெரிய அண்டாவில் காய்ச்சிய கஞ்சியை அஸருக்குப் பின் தூக்குச்சட்டியோடு வருவோருக்கு மத வேறுபாடின்றி ஊற்றுவர். 2001 முதல் தமிழக அரசு இதற்கெனப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கிவருகிறது.

இன்றைய நிலை

1980களுக்குப் பின் தமிழகத்தில் பரவிய தவ்ஹீத் இயக்கத்தினர் தங்கள் பள்ளிகளில் எட்டு ரக்அத்தோடு வித்ரு தொழுகின்றனர். மக்கா, மதீனா ஹரம்களில் 2020இல் கொரோனா பரவலின்போது இருபது ரக்அத் பத்தாகக் குறைக்கப்பட்டு, பிந்திய ஆண்டுகளிலும் அவ்வாறே தொடர்ந்தது. பெண்களுக்குத் தனி இடவசதி செய்யும் பள்ளிவாசல்களும் உள்ளன.