கையெழுத்து வாங்கிய வேடிக்கை

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் பெத்லெம் மனநோய் விடுதிக்குப் போய், உண்டியலில் காசு போட்டுப் பித்தர்களை வேடிக்கை பார்க்கலாம். 1770-இல் அனுமதிச்சீட்டு வந்ததும் கூட்டம் குறைந்தது. ஆசை குறைந்ததா என்ன? 2005-இல் ஐடிவி தொடங்கிய 'ஜெரமி கைல் ஷோ'வில் குடிநோயும் மனமுறிவும் காலைநேரப் பொழுதுபோக்கு. பொய்யறியும் கருவி தீர்ப்புச் சொல்லும், அரங்கம் கூச்சலிடும். கரடியைக் கட்டிவைத்து நாயை ஏவும் பழைய விளையாட்டுதான் இது, கரடிக்குப் பதில் மனிதர் என்று 2007-இலேயே மான்செஸ்டர் நீதிபதி ஒருவர் கண்டித்தார். நிறுத்தியதோ 2019-இல், கருவியிடம் 'தோற்ற' ஒருவர் இறந்தபின். (நிகழ்ச்சிதான் காரணம் என்று 2024 மரணவிசாரணை நிறுவவில்லை.)

எனக்கு உறுத்துவது வேறு. பெத்லெமில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இங்கே, "அவனே கையெழுத்துப் போட்டுத்தானே வந்தான்" என்கிறார்கள். சிகிச்சை கிடைக்கும் என்று நம்பி, உடைந்த மனதோடு போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது. 2021-இல் ஆஃப்காம் கொண்டுவந்த விதிகள் பங்கேற்பாளர் நலனைக் கவனிக்கச் சொல்கின்றன. காட்டாதே என்று சொல்லவில்லை.