யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம்

கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புப் பொருத்தி, நடக்கவும் உழைக்கவும் பழக்கும் மறுவாழ்வு நிலையம். 1987இல் தொடங்கியது. நல்லூரிலிருந்தும் வடபகுதியின் பிற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் மிதிவெடியில் காலைப் பறிகொடுத்தோர் ஏராளம். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் இந்நிலையத்துக்குத் துணைநின்றது.

பெயருக்குக் காரணமான ஜெய்ப்பூர் காலை 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கினர். அதன் ரப்பர் பாதம் வளைந்து கொடுக்கும். சப்பாத்து வேண்டியதில்லை, சேற்றில் இறங்கலாம், குந்தியிருந்து களை பிடுங்கலாம். வயலும் வெங்காயத் தோட்டமுமாகப் பிழைக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு விலையுயர்ந்த மேலைநாட்டுக் கால்களைவிட இதுவே தோது.

பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளியின் பாடு வேறு; அவருக்குச் செயற்கைக் கால் உதவாது. தளைநார் போட்டு மரமேற இனி இயலாது. சக்கர நாற்காலியில் இருந்தபடி செய்யக்கூடிய வேறு தொழில் பழக வேண்டும். இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையில் காயமுற்றவரின் குறைந்துபோன உழைப்புத்திறனை விழுக்காடாகக் கணித்து, தொழில்தருநரிடமிருந்து பணம் பெற்றுத்தருகிறது. சொந்தமாகச் சீவுபவருக்கோ தொழில்தருநர் என்று எவருமில்லை.