மணலில் எழுதிய ஆங்கிலம்: எழுத்துக்கூட்டல் கற்பித்தலின் வரலாறு குறித்துச் சில சொற்கள்

களப்பணிக்காக நஞ்சன்கூட்டில் தங்கியிருந்தபோது, ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருந்த ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க நேர்ந்தது. 'கேக்' என்னும் சொல்லை அவள் கே, இ, கே என்று மூன்றே எழுத்துகளில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மைக்கோடு. கீழே, பத்து முறை எழுதி வருமாறு கட்டளை. பத்து முறையும் எழுதியிருந்தாள். ஏன் அவ்வாறு எழுத வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கன்னடத்தில் எழுதப் படிக்கக் கற்ற குழந்தைக்கு அந்தப் பிழை இயல்பானது. கன்னட எழுத்துமுறை, பெரும்பாலும் காதில் விழுவதையே கையால் எழுதச் சொல்கிறது. அவள் அவ்விதியைத்தான் ஆங்கிலத்திற்கும் பொருத்தினாள். பத்து முறை எழுதவைக்கும் பழக்கத்தைப் பற்றி யோசித்தபோது, எழுத்துக் கற்பித்தலில் நம் நிலத்திற்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் நினைவுக்கு வந்தது.

1623இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கெளதி நாயக்கரின் தலைநகரான இக்கேரிக்குச் சென்றார். அவ்வழியில், இன்றைய கர்நாடகத்தின் மலைப்பகுதியில், ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பாடம் படிப்பதைக் கண்டார். அவர்கள் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதினர். அருகில் ஆசிரியர் இல்லை. தவறினால் யார் திருத்துவார் என்று கேட்டதற்கு, நால்வரும் ஒரே இடத்தில் தவற இயலாது, ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவோம் என்ற பொருளில் விடையளித்தனராம்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1787இல் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் அனாதைகள் விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகள் வளர்ந்த இடம் அது. ஒரு நாள் குதிரையில் செல்கையில், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். தமிழரை அக்கால ஆங்கிலேயர் அப்பெயரால் சுட்டினர்; அவர் கண்டது ஒரு திண்ணைப் பள்ளி. ஆங்கில எழுத்துகளையும் அவ்வாறே கற்பிக்க விரும்பினார். விடுதி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான்.

1797இல் பெல் இம்முறையை விளக்கி இலண்டனில் நூல் வெளியிட்டார். 1811இல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் அதை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரப்பியது. அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் நன்கொடையால் உருவான பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்று அழைக்கப்படுகிறது.

மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பாகக் கருதினார். ஆயினும் சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அறிந்த நமக்கும், இக்கேரிப் பாதையில் அமர்ந்திருந்த அந்த நால்வருக்கும் அது புதிதன்று.

முன்னுரிமை யாருக்கு என்பதைவிட எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. திண்ணைப் பள்ளியில் சொல்லிக்கொண்டே எழுதுவது பயன் தந்ததற்குக் காரணம், சொல்லும் பெயரிலேயே எழுத்தின் ஒலி இருந்ததுதான். 'ஆனா, ஆவன்னா' என்று பெயர் நீண்டாலும் அதன் தொடக்கம் எழுத்தின் ஒலியே. ஆங்கிலத்தில் 'எய்ச்' என்ற பெயரில் ஹகர ஒலி இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரின் தொடக்கத்தில் வகர ஒலி இல்லை. ஐந்து உயிரெழுத்துகள் ஏறத்தாழ இருபது உயிரொலிகளைச் சுமக்கின்றன. எனவே, உரக்கச் சொல்லிப் பலமுறை எழுதும் பழக்கம் ஆங்கிலத்திற்கு மாறியபோது, ஒலி கழன்று மனப்பாடம் மட்டுமே எஞ்சியது. அந்தச் சிறுமி பத்து முறை எழுதியதும் அத்தகையதே.

விதி இல்லாமல் இல்லை. அவள் பிழைசெய்த அதே சொல்லில் இரண்டு விதிகள் உள்ளன. ஏ, ஓ, யு ஆகியவற்றின் முன் 'சி' ககர ஒலி தரும்; இ, ஐ, ஒய் முன் ஸகர ஒலி தரும். ஆகவே முதலில் ஏ வருவதால் அங்குச் 'சி' பொருந்துகிறது. ஈற்றில் இ வருவதால் அதன்முன் 'கே' தேவைப்படுகிறது. 1066இன் நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு எழுத்தர்களின் வழக்கால் நிலைபெற்ற ஒழுங்கு இது. இரண்டாவது, ஒலிக்காத இ. நடுக்கால ஆங்கிலத்தில் அச்சொல் ஏறத்தாழ 'காகெ' என ஈரசையாக ஒலித்தது. பின்னர் ஈற்றுயிர் மறைந்தது. முதலுயிரின் ஒலியும் மாறியது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. 1582இலேயே ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர், முந்தைய உயிரின் நீட்சியைக் காட்டும் அடையாளமாக இந்த இ-யின் பயனை விளக்கியிருக்கிறார். பி, ஐ, என் என்றால் 'பின்'. ஈற்றில் இ சேர்ந்தால் 'பைன்'.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். நஞ்சன்கூட்டின் வழக்கமான ஆங்கில வடிவம் ஜி, யு, டி என முடிகிறது. சேற்றைக் குறிக்கும் 'மட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அறிந்த மாணவர் அதைக் 'கட்' என்றே வாசிக்க வேண்டும். கூடு என்ற நெடிலும் ஈற்று உகரமும் அதில் இல்லை. 2014 நவம்பர் 1 முதல் மைசூரு உள்ளிட்ட நகரங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கன்னட ஒலிப்பை ஒட்டி மாற்றப்பட்டது. எழுத்துக்கூட்டல் மனிதர் வகுத்தது, வரலாறு உடையது என்பதைக் குழந்தைக்குக் காட்ட, வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது.

விதிவிலக்குகள் ஏராளம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் காரணம் அறிந்த குழந்தை விதிவிலக்கைக் கண்டு வியக்கும். காரணம் அறியாத குழந்தை தன்னைத்தானே மந்தம் என்று எண்ணிக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருவோரிடம் இந்த இரண்டாவது விளைவு படிப்பையே முடித்துவிடக்கூடும்.

அச்சிறுமியிடம் 'காகெ' கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு தன் தோழிக்கு அதைக் கன்னடத்தில் விளக்கத் தொடங்கினாள். பெல் நம்மிடமிருந்து எடுத்துச் சென்றவற்றில் திரும்பப் பெறத் தக்கது அதுவே என்று எனக்குத் தோன்றியது. ஆசிரியர்களாக உள்ள நண்பர்கள் தங்கள் வகுப்பறை அனுபவங்களைப் பகிர்ந்தால் ஆய்வுக்குப் பெரிதும் உதவும்.