கம்பளியும் கயிறும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் குருபரப்பள்ளி. இன்று ஆலைகளால் அறியப்படும் இவ்வூரின் பெயரோ, ஆடு வளர்க்கும் குரும்பர் குடியினரை நினைவூட்டுவதாகும். ஆட்டு மயிரைக் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, பெண்டிர் நூற்க ஆடவர் நெய்வது அக்குடியினரின் மரபு. பாவுக்குப் புளியங்கொட்டைப் பசையே கஞ்சி. சாயம் வேண்டுவதில்லை, ஆட்டின் கருமையே கம்பளியின் கருமை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. மாணவன் ஒருவன் தன் தந்தை நெய்த கம்பளியைக் காட்சிக்கு வைக்கக் கொணர்ந்தான். நானோ அதனை மேசைமீது விரித்து, அதன்மேல் களிமண் பொம்மைகளை அடுக்கிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். அவன் முகம் வாடியது ஏன் என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

என் பிழையைப் பின்னாளில் உணர்த்தியது, மிருணாளினி முகர்ஜி அம்மையாரின் வரலாறு. அவர் 1949-இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி, கண்ணொளி இழந்த பின்னும் கலையைக் கைவிடாத ஓவியர். தாய் லீலா, சிற்பி. பரோடாவில் அம்மையாருக்கு ஆசானாக வாய்த்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று பின்னர் ஓவியரான அவர், நாட்டுப்புறக் கைத்தொழில்களையும் உயர்கலைக்கு ஒப்பாக மதித்தார்.

அம்மையார் 1970-களில் எடுத்துக்கொண்ட பொருள் யாது? கட்டுவதற்குப் பயன்படும் சணற்கயிறு! தறி இல்லை, முன்னரே வரைந்த படமும் இல்லை. கயிற்றுக்குச் சாயமேற்றி, முடிச்சின்மேல் முடிச்சிட்டு, ஆளுயர உருவங்களை எழுப்பினார். அவற்றுள் ஒன்றன் பெயர் ‘யக்ஷி’. இது கைவினையா, சிற்பமா எனச் சிலர் ஐயுற்றனர். அவரோ இருபது ஆண்டுகளுக்கு மேல் அக்கயிற்றை விட்டாரில்லை. 2015-இல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாட் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. சில நாட்களில் அவர் மறைந்தார். 2019-இல் நியூயார்க் மாநகரின் பெருங்காட்சியகம் அவ்வுருவங்களை மக்கள்முன் நிறுத்தியது.

ஜெர்மனியில் பிறந்த நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் என்பாரும் ஈண்டு நினைக்கத்தக்கவர். 1965-இல் நெசவு குறித்துத் தாம் வெளியிட்ட நூலை, அவர் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்க்குக் காணிக்கையாக்கினார். அவர்களையே தம் பேராசான்கள் என்று போற்றினார். அந்நெசவாளருள் ஒருவர் பெயரையேனும் உலகம் அறியாது.

நான் அந்தக் கம்பளிக்காரரின் பெயரை அறிந்திருக்கலாம். அவர் எங்கள் ஊருக்கு அண்மையில்தான் வாழ்ந்தார். கேட்டிருந்தால் அவர் மகன் மகிழ்ந்து சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாயோ, கூடையோ, முறமோ இருக்கக்கூடும். அதனை முடைந்த கை யாருடையது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நான் எழுதத் தவறிய வரலாறு அது.