தேங்கி நிற்கும் மின்சாரம்: பினாங்கின் வால்வுக் காலம்

மலாயாவில் வானொலி அரசின் கொடையாக வந்ததன்று. ஆர்வலர்களின் முயற்சியால் வந்தது. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த பர்ச் என்பார் வானொலிக் கருவியொன்றை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஆர்வலர் கழகங்கள் தோன்றின. பினாங்கு வானொலிக் கழகம் 1934இல் இசட்.எச்.ஜே. என்னும் அழைப்புக்குறியுடன் ஒலிபரப்பத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி நிறுவப்படுவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய செய்தி இது.

அக்கால ஒலியனைத்தும் வெற்றிடக் குழாய்களின் வழியே வந்தது. மக்கள் அதனை 'வால்வு' என்றே அழைத்தனர். 1904இல் பிளெமிங் இருமுனை வால்வை உருவாக்கினார். 1906இல் டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாம் முனையைச் சேர்த்தார். சூடேறிய எதிர்முனையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றை வெற்றிடத்தின் ஊடே நேர்முனைக்கு இழுக்க உயர் அழுத்தம் வேண்டும். டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட்டுகள் போதும். திறன் வால்வுக்கோ பல நூறு வோல்ட்டுகள் தேவை. வால்வுப் பெருக்கியின் ஆபத்து அதன் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் வில்லியம்சன் வெளியிட்ட ஒலிபெருக்கி அமைப்பு, வீட்டிலேயே செய்வோரிடையே பெரும்புகழ் பெற்றது. கே.டி.66 வால்வுகள் இரண்டைக் கொண்ட அவ்வமைப்பு சுமார் 450 வோல்ட்டில் இயங்கி 15 வாட் ஒலித்திறன் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தகைய பெருக்கியைச் செய்வோர் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு. விசையை நிறுத்தினாலும் மின்சாரம் நீங்கிவிடுவதில்லை. நேர்மின்னோட்டத்தைச் சீராக்கும் கருவி அதனைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. அக்கருவிக்குத் தமிழில் 'மின்தேக்கி' என்று பெயர். ஏரி நீரைத் தேக்குவதுபோல் அது மின்னூட்டத்தைத் தேக்குகிறது. ஏரிக்கு மதகு வேண்டுமன்றோ? 450 வோல்ட்டில் நிற்கும் 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குக் குறுக்கே ஒரு லட்சம் ஓம் மின்தடையை நிலையாக இணைத்தால், 25 நொடிகளில் அழுத்தம் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அம்மின்தடையில் எப்போதும் 2 வாட் வெப்பம் எழுவதால், 5 வாட் தாங்குவதையே பொருத்த வேண்டும். மின்தடையும் பழுதுபடக் கூடுமாதலால், மின்தொடர்பைத் துண்டித்து, வோல்ட்மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கைவைத்தல் முறை.

உலோகச் சட்டகத்தை நிலத்தொடர்புக் கம்பியோடு இணைத்தலும், உருகி பொருத்துதலும் இன்றியமையாதவை. மின்மாற்றியின்றி இயங்கிய பழைய வானொலிகள் சிலவற்றில் சட்டகமே நேரடி மின்னிணைப்பில் இருந்தது. அவற்றைப் பின்பற்றுதல் கூடாது. மின்னோட்டமுள்ள நிலையில் அளக்க நேரின் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய தொழில்நுட்பரின் ஒழுக்கம். ஒரு கையில் நுழைந்து மறுகை வழி வெளியேறும் மின்னோட்டம் நெஞ்சைக் கடந்து செல்லும் என்பதே அதற்குக் காரணம். தனியே இருக்கும்போது இப்பணியில் இறங்காமையும் அவ்வொழுக்கத்தின் பகுதியேயாகும்.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையிலா வாணிக வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனமும் அவ்வாண்டே அங்குத் தொழிற்சாலை தொடங்கியது. வால்வுகளைக் கேட்டு வளர்ந்த தீவு, சிலிக்கான் சில்லுகளைப் பொருத்தும் தீவாயிற்று. குறைந்த அழுத்தத்தில் பழகிய கைகளுக்கு உயர் அழுத்தத்தின் அச்சம் தெரியாது. இன்று வால்வின் இனிய ஒலியை நாடி அதனை மீண்டும் வீட்டில் செய்ய விழையும் இளைஞர்க்கு, மின்சுற்று வரைபடம் எளிதில் கிடைக்கிறது. எச்சரிக்கை அவ்வாறு கிடைப்பதில்லை.

கலைச்சொல்லாக்கம் அகராதிப் பணி மட்டுமன்று. 'மின்தேக்கி' என்னும் சொல்லின் பொருளை உணர்ந்து படிக்கும் மாணவன், விசையை நிறுத்தியவுடன் அதனைத் தொடமாட்டான். அத்தகைய சொற்களை உரிய விளக்கத்தோடு பள்ளிக்கும் பட்டறைக்கும் கொண்டு செல்வது நம் கடமையாகும்.